கிணத்துப் புள்ளைகளும் 50 மீட்டரும்

எங்க தோட்டத்துக் கிணறு 45 அடிக்கு 40 அடி. ஆகஸ்ட் பாதியில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டால், பத்துப் பதினஞ்சு நாளில் கிணத்துல ஊத்து ஏறி முக்கால்வாசிப் படிகள் முழுகிவிடும். வாய்க்கால் ஓரத்துக் கிணறுகள் எல்லாத்துக்கும் இதேதான். தண்ணி ஏறின சேதி எப்படித்தான் போகுமோ, அன்னைக்குச் சாயங்காலமே பசங்க வந்து குதிக்க ஆரம்பிச்சுடுவாங்க. இந்த வருஷம் அந்தக் கூட்டத்திலிருந்து மூணு பேரை மாவட்ட அளவிலான பள்ளி நீச்சல் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேர் என் தம்பி பசங்க. பெரியவன் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது. மூணாவது, பக்கத்துத் தோட்டத்து மச்சானோட பொண்ணு. ஏழாவது படிக்குது. பேரை எழுதலை, பெரிசானப்புறம் இதைப் படிச்சுட்டு என்கிட்ட சண்டைக்கு வரும். பாப்பான்னே வெச்சுக்கலாம்.

கிணத்துல தலைகீழா குதிக்கிற கிராமத்துப் பையனைப் பார்த்தா டவுன்ல இருந்து வர்ற நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வாங்க: "இவனைக் கொண்டுபோய் போட்டியில விட்டா அத்தனை மெடலும் இவனுக்குத்தான்." அப்படி இல்லைங்க. கிணத்துப் பிள்ளைக்குத் தண்ணி தெரியும். பயம் கிடையாது, மூச்சு நிற்கும், அடியில போய் சொம்பு எடுத்துட்டு வந்துடும். ஆனா நேரா ஒரு கோட்டுல போகத் தெரியாது. போகவேண்டிய அவசியமே வந்ததில்லை. காலேஜ்ல ரெண்டு வருஷம் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போய் வெறும் கையோட திரும்பினவன் நான். அதனால எது தெரியாதுங்கிறது எனக்கு நல்லாவே தெரியும்.

முதல் பிரச்சினை தலை. கிணத்துல நீந்துறவங்க எல்லாரும் தலையைத் தூக்கிட்டுத்தான் நீந்துவாங்க. மேலேருந்து எவன் குதிக்கிறான்னு பார்க்கணும், தண்ணிப்பாம்பு வருதான்னு பார்க்கணும், காய்ஞ்ச தென்னை ஓலை மிதக்கும். தலை மேல வந்தா இடுப்பு கீழ போகும். உடம்பு ஏர்க்கலப்பை மாதிரி தண்ணியை உழுதுகிட்டுப் போகும். நீச்சல்குளத்துல அடியில ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பாங்க. முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு அந்தக் கோட்டைப் பார்த்துட்டே போகணும். மூச்சுக்கு முகத்தைப் பக்கவாட்டுல திருப்பணும், தூக்கக்கூடாது. இதை மாத்தவே மூணு வாரம் ஆச்சு. பெரியவனுக்கு இன்னமும் முழுசா மாறலை.

அடுத்தது தூரம். 45 அடின்னா பதினாலு மீட்டர்கூட இல்லை. ரெண்டு வீச்சு போறதுக்குள்ள சுவர் வந்துடும். அதுக்காக வாய்க்கால்ல விடலாமேன்னு தம்பி சொன்னான். விடலை. ஓட்டத்தோட போனா நேரம் பொய் சொல்லும், எதிர்த்துப் போனா ஆளையே அடிச்சுட்டுப் போகும். அதுக்குப் பதிலா பழைய சைக்கிள் ட்யூப் நாலை வரிசையாக் கட்டி, ஒரு முனையைப் படிக்கல்லுல, இன்னொரு முனையை இடுப்புல கட்டிவிட்டோம். ட்யூப் இழுக்கும், புள்ளை முன்னாடி நீந்தும், நின்ன இடத்துலயே நிற்கும். வண்டி மாட்டைக் கட்டிப்போட்டு ஓட்டுற மாதிரி இருக்கும் பார்க்கறதுக்கு. ஆனா ஒரு நிமிஷம் விடாம கை போடலாம், திரும்பவேண்டிய வேலை இல்லை. ஒரு நிமிஷம் நீச்சல், அரை நிமிஷம் ஓய்வு. முதல் வாரம் ஆறு தடவை. அஞ்சாவது வாரத்துல பதினாறு.

இதைப் படிச்சுட்டு லீவுக்கு ஊருக்கு வர்றப்போ உங்க புள்ளைகளைக் கிணத்துல இறக்கப் போறீங்கன்னா ஒண்ணு சொல்லிடறேன். மோட்டாரை நிறுத்தினா மட்டும் போதாது, மெயினை இறக்கணும். வயர் எங்கயாவது கசிஞ்சுதுன்னா தண்ணி முழுக்க கரண்ட். எங்க தோட்டத்துல மும்முனை கரண்ட் வர்ற நேரமும் ஸ்கூல் விட்டு வர்ற நேரமும் ஒண்ணா வந்தா அன்னைக்கு நீச்சல் கிடையாது, மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும். அப்புறம், நீந்தத் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கயிறும் காத்தடிச்ச லாரி ட்யூபுமா படியில உட்கார்ந்திருக்கணும். போனைப் பார்த்துட்டு இல்லை.

பாப்பா விஷயத்துக்கு வர்றேன். பாப்பாவுக்கு சித்திரையிலதான் சீர் செஞ்சாங்க. அதோட கிணத்துக்கு வர்றது நின்னுபோச்சு. யாரும் கூடாதுன்னு சொன்னதா தெரியலை, சொல்லாமலே நின்னுடுச்சு. எங்க பக்கத்துல இது ஒரு விசித்திரம். அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடி பொண்ணுங்களும் சொரப்புருடையை முதுகுல கட்டிட்டுக் கிணத்துலதான் நீச்சல் பழகுனாங்க. வீட்டுக்கு வீடு பாத்ரூம் வந்துச்சு, போர் போட்டாங்க, பொம்பளைங்க கிணத்துப் பக்கம் வர்றது நின்னுச்சு. அப்புறம் கிணறு ஆம்பளைப் பசங்க இடமாயிடுச்சு.

போட்டி நோட்டீஸ் ஸ்கூல்ல வந்த அன்னைக்கு, பாப்பா நேரா எங்க வீட்டுக்கு வந்து, "மாமா, என் பேரையும் கொடுத்துட்டேன். எங்க வீட்ல நீங்கதான் சொல்லணும்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. மச்சான் பெரிசா ஒண்ணும் சொல்லலை, "ஆத்தா என்ன சொல்லுதோ"ன்னு தாய் தலையில போட்டுட்டார். அத்தைகிட்டப் போனேன். அவங்க, "மாப்பிள்ளை, நீந்தட்டுங்க, நான் வேணாங்கலை. அரை ட்ராயரைப் போட்டுட்டு ஊரு முன்னாடி நிக்கோணுமாக்கும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். போட்டி விதியிலயே பொண்ணுங்களுக்குத் தோளிலிருந்து முட்டி வரைக்கும் மூடுற உடை உண்டு. டவுன்ல விளையாட்டுச் சாமான் கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்து காட்டினோம். அத்தை அதை ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தாங்க. "நாங்க சேலையைத் தாறுபாய்ச்சிக் கட்டிட்டு நீந்துனோம். அதுல தெரியாத காலா இதுல தெரியப்போவுது"ன்னு சொல்லி மடிச்சு வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க கவலையெல்லாம் தலை ஈரத்தைப் பத்தித்தான். சாயங்காலம் பசங்க வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பாப்பாவுக்கு. படியில அத்தையே காவல்.

மாத விலக்கு நாள்ல போட்டி வந்தா என்ன பண்றதுன்னு பாப்பாவோட அம்மாவும் ஸ்கூல் டீச்சரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டாங்க. பொண்ணுங்களைப் போட்டிக்குத் தயார் பண்ற வீடுகள்ல இந்தப் பேச்சு முன்கூட்டியே நடந்துடறது நல்லது.

குதிக்கிறதைப் பத்தித் தனியா சொல்லணும். கிணத்துல குதிக்கிறது கீழ் நோக்கி. எவ்வளவு ஆழம் போறோமோ அவ்வளவு பெருமை. குளத்துல அப்படிக் குதிச்சா ஆழம் குறைஞ்ச பக்கத்துல மண்டை தரையில மோதும். போட்டியில குதிக்கிறது முன் நோக்கி, கிட்டத்தட்டப் படுத்த மாதிரி, ரெண்டு கையும் காதோட ஒட்டி. ஒரு ட்யூபை மிதக்கவிட்டு, அதைத் தாண்டி விழணும், விழுந்து மூணு எண்றதுக்குள்ள மேல வரணும்னு பழக்கினோம். பெரியவன் வயிறு செவக்க செவக்க விழுந்து கத்துக்கிட்டான்.

விசிலும் பழகணும். போட்டியில முதல்ல சின்னச் சின்ன விசில், அப்புறம் ஒரு நீள விசில்; அதுக்கு மேடை ஏறணும். "டேக் யுவர் மார்க்ஸ்"னு சொன்னதும் குனிஞ்சு அசையாம நிற்கணும். சத்தம் வந்தப்புறம்தான் குதிக்கணும். முன்னாடியே குதிச்சா அவ்வளவுதான், ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. கிணத்து மேட்டுல நின்னு அந்த இங்கிலீஷைக் கத்துற வேலையை எங்கப்பா எடுத்துக்கிட்டார். "டேக்கு வருமாரு"ன்னு அவர் கத்துறதைக் கேட்டு மாடு மேய்க்கிறவங்கல்லாம் நின்னு பார்த்துட்டுப் போவாங்க.

நாலு ஞாயித்துக்கிழமை டவுன் நீச்சல்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மணிக் கணக்குல காசு. போன நேரம் முழுக்க வேறெதுவும் செய்யலை: குதிக்கிறது, 25 மீட்டர் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்புறது, கை வீச்சு எண்றது. எண்ணிக்கை முக்கியம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குல மைக்கேல் ஃபெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீந்துறப்போ கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்து கண்ணே தெரியலை. வீச்சை எண்ணிட்டே போய் சுவரைத் தொட்டு, உலக சாதனையோட தங்கம் வாங்கினார். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து பாப்பா கண்ணாடிக்குள்ள வேணும்னே தண்ணி விட்டுட்டு நீந்திப் பார்க்க ஆரம்பிச்சுடுச்சு. 25 மீட்டருக்கு அதோட கணக்கு 27 வீச்சு.

கடைசி வாரம் தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம். இன்னும் ரெண்டு மடங்கு நீந்த வைக்கலாம்னான் அவன். கரும்பு வெட்டுறதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் முன்னாடி ஏன்டா தண்ணியை நிறுத்தறோம்னு கேட்டேன். சும்மா இருந்துட்டான். கடைசி வாரம் பாதிதான் நீந்தினாங்க. முதல் நாள் இருபது நிமிஷம், அவ்வளவுதான்.

பையில வெச்சது: ஆளுக்கு ரெண்டு கண்ணாடி (ரெண்டுமே ஏற்கெனவே போட்டுப் பழகினது, போட்டியன்னைக்குப் புதுசு போடவே கூடாது), ரெண்டு துண்டு, தொப்பி, செருப்பு, ஸ்வெட்டர், ஆதார் நகல், ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சான்று, கீழே விரிக்க ஜமுக்காளம், இட்லி, பூவன்பழம், கடலை மிட்டாய், வீட்டுத் தண்ணி. முதல் நாள் ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்காதீங்கன்னு அத்தைகிட்ட மூணு தடவை சொன்னேன். எண்ணெய்த் தலையில தொப்பி நிற்காது, வழுக்கிடும்.

ஜமுக்காளம் ஏன்னு கேட்பீங்க. நீச்சல் போட்டிங்கிறது ஒரு நிமிஷம் நீந்தி அஞ்சு மணி நேரம் காத்திருக்கறது. காத்திருக்கற நேரத்துலதான் புள்ளைங்க வெயில்ல சுத்தி, ஐஸ் தின்னு, பக்கத்து ஸ்கூல் பசங்க உடம்பைப் பார்த்து மிரண்டு, பாதி சக்தியை விட்டுடுவாங்க. எத்தனாவது போட்டி, எத்தனாவது சுற்று, எந்தத் தடம்னு மூணையும் பேனாவால முழங்கையில எழுதிவிட்டேன். மைக்குல கூப்பிடறது பாதி காதுல விழாது.

காத்திருந்தப்போ எரிக் முசாம்பானி கதை சொன்னேன். ஈக்குவடோரியல் கினியாக்காரர். ஹோட்டல் குளத்துல பழகிட்டு 2000 சிட்னி ஒலிம்பிக்குப் போனவர். அவரோட சுற்றுல இருந்த மத்த ரெண்டு பேரும் முன்கூட்டியே குதிச்சு வெளியேத்தப்பட, தனியா 100 மீட்டர் நீந்தினார். 1 நிமிஷம் 52.72 விநாடி. கடைசி நீளத்துல முழுகிடுவாரோன்னு அரங்கமே எழுந்து நின்னுச்சு. "ஹோட்டல்ல நீந்தினவரே போயிருக்காரு, நமக்கென்ன பெரியப்பா"ன்னான் சின்னவன். சொல்லிட்டு அவன் சுற்றுல கடைசியா வந்தான். சந்தோஷமா வந்தான், அது போதும்.

பெரியவன் 50 மீட்டர் தவளை நீச்சல்ல ரெண்டாவதா வந்தும் பேர் அடிபட்டுடுச்சு. தவளை நீச்சல்ல ரெண்டு கையும் ஒரே நேரத்துல சுவரைத் தொடணும். "ஒண்ணாத்தான் தொட்டேன் பெரியப்பா"ன்னு அழுதான். நானும் அந்தப் பக்கம்தான் நின்னேன்; இடது கை பின்னாடிதான் வந்துச்சு. அப்படியே சொன்னேன். பக்கத்துல ஒரு அப்பா நடுவர்கிட்ட கால் மணி நேரமா கத்திட்டு இருந்தார். அவர் பையன் தலைகுனிஞ்சு நின்னான், பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

பாப்பாவுக்குப் பழைய நேரம் எதுவும் பதிவு இல்லாததால கடைசித் தடம், சுவர் ஓரம். நல்ல நேரம் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் நடுத் தடம். குதிச்ச வேகத்துல கண்ணாடி மூக்குக்கு இறங்கிடுச்சு. நிக்கலை. போச்சு, தொட்டுச்சு, திரும்புச்சு, வந்துச்சு. என் போன்ல 47 விநாடி. எல்லாச் சுற்றும் முடிஞ்சு கணக்குப் பார்த்தா நாலாவது இடம். மூணு பேருக்குத்தான் பதக்கம்.

அழும்னு நினைச்சு அத்தை துண்டை எடுத்துட்டு ஓடினாங்க. பாப்பா மூச்சு வாங்கிட்டே, "மாமா, அந்தச் சுவத்துல நான் எவ்வளவு நேரம் நின்னேன்?"னு கேட்டுச்சு. தம்பி எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். தொட்டு, தலையைத் தூக்கி, மூச்சு வாங்கி, அப்புறம் கால் உதைச்சுக் கிளம்ப கிட்டத்தட்ட மூணு விநாடி. மூணாவதா வந்த பொண்ணுக்கும் பாப்பாவுக்கும் வித்தியாசம் ரெண்டு விநாடிதான்.

இனி திரும்புறதைப் பழகணும். பாசி பிடிச்ச கல்லுச் சுவத்துல அதைப் பழக்க முடியாது, காலை உதைச்சா வழுக்கும். அதோட தை மாசம் தாண்டினா கிணத்துல தண்ணி படியை விட்டு இறங்கிடும், அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் டவுன் குளம்தான். வாரம் ரெண்டு நாள், பஸ் செலவு, குளத்துக்குக் காசு, கூடப் போக ஒரு ஆள். அத்தை தான் போறேங்கிறாங்க. காசு விஷயத்தை மஞ்சள் போட்டப்புறம் பார்க்கலாம்னு மச்சான் சொல்லியிருக்கார். மஞ்சள் இப்போ இடுப்பு உயரம் நிற்குது. வெட்டுறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு.