பதில் வராத அழைப்பு

மைசூரு மண்டி மொஹல்லாவில் மிளகாய் வற்றல் ஏற்றிய லாரி பில்லுக்காக நிற்கிறது. சத்தியமங்கலம் போகும் வண்டி. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை. நேரம் தவறினால் ராத்திரி முழுக்கச் சோதனைச் சாவடியில்தான். “சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்கு சார்” என்று கணக்கர் போன் செய்கிறார். கடையின் பில்லிங் மென்பொருளுக்கும் அரசு சர்வருக்கும் நடுவில் இருக்கும் ரூட்டிங்தான் என் பிழைப்பு.

எந்த பில்லை எங்கே அனுப்புவது என்பது சுலபம். வாங்குபவருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, அதன் முதல் இரண்டு இலக்கம் 29-ஆ (கர்நாடகம்), 33-ஆ (தமிழ்நாடு), சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுகிறதா என்று பார்த்து இ-இன்வாய்ஸுக்கோ (அரசு சர்வரில் பில்லைப் பதிவது) இ-வே பில்லுக்கோ (சரக்கு வண்டியோடு போக வேண்டிய சீட்டு) இரண்டுக்குமோ திருப்பிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனே எழுதிவிடுவான்.

குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் போகும் டைம்அவுட்தான் தலைவலி. அழைப்பு போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் வேலை நடக்கவில்லையா, வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இ-இன்வாய்ஸை வடிவமைத்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் கிடைக்கும் 64 எழுத்துள்ள பதிவு எண்ணான ஐஆர்என், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்தே பிறக்கிறது. அதே பில்லை மறுபடி அனுப்பினால் 2150 என்ற பிழை வரும்: ஏற்கெனவே பதிவானது. சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் பதறுவார்கள். எனக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. முதல் அழைப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பில்லுக்கான க்யூஆரைக் கேட்டு வாங்கி அச்சடித்து, தேவையென்றால் இ-வே பில்லும் எடுத்துவிட்டால் லாரி கிளம்பலாம்.

எல்லா சர்வரும் இப்படி இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் “மறுபடி அனுப்பலாமா?” என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். மென்பொருள் விற்பவர்களிடம் கேட்டால், “எங்க சர்வர் டவுனே ஆகாது சார்” என்பார்கள். அந்தக் கட்டத்தில் அதை எழுத முடியாது. பணம் அனுப்பும் இணைப்பில் பதில் இல்லையென்றால், போனதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மாற்று சர்வருக்குத் தானாகத் தாவுவதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். இணைப்பே கிடைக்கவில்லையா, தாராளமாகத் தாவலாம். இணைப்பு கிடைத்துப் பதில் வரவில்லையா, அப்போது தாவுவது வம்பு.

இத்தனையையும் கடையில் ஒரு விரல் கெடுத்துவிடும். திரையில் “பிழை” என்று வந்தால் கணக்கர் என்ன செய்வார்? புது எண்ணில் இன்னொரு பில் போடுவார். புது எண் என்றால் புது ஐஆர்என். ஒரே சரக்குக்கு இரண்டு. 24 மணி நேரத்துக்குள் ஒன்றை ரத்து செய்யாவிட்டால் பிறகு கிரெடிட் நோட் போன்ற சுற்றுவழியில்தான் சரிக்கட்ட வேண்டும். அதனால் “பிழை” என்ற சொல்லையே எடுத்துவிட்டு, கன்னடத்திலும் தமிழிலும் இப்படி வைத்தேன்: “பில் அனுப்பியாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறோம். புது பில் போட வேண்டாம்.”