அளப்பவரை அளத்தல்

தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் உள்ளம் அஞ்சுவதும் பெற்றோர் உள்ளம் கணக்குப் போடுவதும் சிங்கப்பூரில் புதுமையல்ல. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தொடங்கும் அந்த அச்சம், பல்கலைக்கழகப் பட்டம் கைக்கு வரும் நாளில் தீர்ந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பட்டம் பெற்றபின், பணியில் அமர்ந்தபின், முப்பது வயதைக் கடந்தபின் எழுத வேண்டிய தேர்வுகளும் உள்ளன. மருத்துவ இயற்பியலாளருக்கான சான்றளிப்புத் தேர்வு அவற்றுள் ஒன்று.

மருத்துவ இயற்பியலாளர் யார்? வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சே மருந்தாகும்போது, அம்மருந்தை அளந்து கொடுப்பதற்கும் ஒருவர் தேவைப்படுகிறார். உடலின் எவ்விடத்துக்கு எவ்வளவு என்று மருத்துவர் விதிப்பார். விதித்த அளவே அவ்விடத்தைச் சென்றடைகிறது என்பதற்கு இயற்பியலாளர் பொறுப்பேற்பார். நோயாளி பெரும்பாலும் அவர் முகத்தைக் காண்பதே இல்லை.

சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீடொன்றில் அத்தகைய பெண்மணி ஒருவர் வாழ்கிறார். பகலெல்லாம் மருத்துவமனைப் பணி. இரவில் குழந்தை உறங்கியபின் உணவு மேசையே படிப்பு மேசையாகிவிடும். காலையில் பெருவிரைவு ரயிலில் ஜூரோங் ஈஸ்ட் வரை நின்றுகொண்டே செல்லும்போதும் அவர் கையில் குறிப்பேடு இருக்கும்.

“பட்டம் வாங்கியாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. இன்னும் எதுக்கும்மா பரீட்சை?” என்று அவருடைய தாயார் ஒருநாள் கேட்டார்.

“நான் போடுற கணக்கை நோயாளியால சரிபார்க்க முடியாதே, அம்மா” என்றார் மகள்.

அந்த மறுமொழியில் இத்தொழிலின் தன்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் சுவா சூ காங் ஒரு காலத்தில் மிளகும் காம்பியரும் விளைந்த நிலம். மிளகை நிறுக்கும் தராசை விற்பவரும் காண்பார், வாங்குபவரும் காண்பார். முள் சற்றே சாய்ந்தாலும் வாய் திறந்து கேட்பார். கதிர்வீச்சுக்கோ நிறமில்லை, மணமில்லை, ஒலியில்லை. அளவு மிகுந்தாலும் குறைந்தாலும், அதை ஏற்கும் உடல் அப்போதைக்கு எதையும் உணர்வதில்லை. உணரும் காலத்தில் திருத்துவதற்கு வழியும் இருப்பதில்லை.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டில், மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில், மருத்துவமனைக் கருவியொன்றின் பழைய கோபால்ட் மூலத்தை அகற்றிப் புதியதைப் பொருத்தினர். அதன் ஆற்றலை அளந்தபோது 0.3 நிமிடம் என்ற காலம் கணக்கில் 30 வினாடி என்று கொள்ளப்பட்டது. 0.3 நிமிடம் என்பது 18 வினாடியே. 18 வினாடியில் வெளிவந்த கதிரை 30 வினாடியில் வந்ததாகக் கருதியதால், புதிய மூலம் உண்மையில் இருப்பதைவிட வலிமை குன்றியதாகத் தோன்றிற்று. அந்தக் குறையை ஈடுசெய்வதாக எண்ணிச் சிகிச்சை நேரத்தை நீட்டினர். பிழை வெளிப்படுவதற்குள் 115 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பெற்றுவிட்டனர். அவர்களுட் சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். நிமிடத்தை வினாடியாக மாற்றுவது தொடக்கப்பள்ளி மாணவர் செய்யும் கணக்கு. அதை அறியாதவர் எவருமில்லை. இரண்டாவது கண்ணொன்று அதைப் பார்க்கவில்லை என்பதே துயரம்.

குறைவும் பிழையே. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் 1982இல் புதிய திட்டமிடல் கணினி வந்தது. தொலைவுக்குரிய திருத்தத்தை அக்கணினியே செய்துவிட்டது. பணியாளரோ பழைய வழக்கப்படி அதே திருத்தத்தைக் கையாலும் செய்து வந்தனர். 1991இல் உண்மை வெளிப்படும்வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் உரிய அளவிலும் குறைந்த கதிர்வீச்சையே பெற்றனர். ஒன்பது ஆண்டுக் காலம்! மிகுந்த அளவு உடலைச் சுடும்; ஆகையால் என்றேனும் காட்டிக்கொடுக்கும். குறைந்த அளவு யாரையும் சுடுவதில்லை. நோய் திரும்பி வரும்போது விதியைத்தான் நொந்துகொள்வர்.

இத்தகைய பணிக்கு உரியவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? 1934இல் தோன்றிய அமெரிக்கக் கதிரியல் வாரியமும் 2010இல் தோன்றிய அனைத்துலக மருத்துவ இயற்பியல் சான்றளிப்பு வாரியமும் தேர்வை மூன்று கட்டங்களாக அமைத்துள்ளன. முதலிரண்டும் எழுத்துத் தேர்வுகள். முதலாவது பொது அறிவையும் இரண்டாவது சிறப்புத் துறை அறிவையும் அளக்கின்றன. மூன்றாவது வாய்மொழித் தேர்வு. தமிழகத்தில், 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் இத்தொழில் வேரூன்றியது. 1976இல் இந்திய மருத்துவ இயற்பியலாளர் சங்கம் உருவாயிற்று. அதனைச் சார்ந்த கல்லூரியொன்று இந்நாளில் இந்தியாவில் சான்றளிப்புத் தேர்வை நடத்தி வருகிறது.

சுவா சூ காங் பெண்மணி எழுத்துத் தேர்வு இரண்டிலும் தேறியவர். வாய்மொழித் தேர்வில் ஒருமுறை தேறவில்லை. கணினி சொல்லும் அளவுக்கும் கருவி காட்டும் அளவுக்கும் வேறுபாடு இருந்தால் என்ன செய்வது என்பது அவரிடம் கேட்கப்பட்ட வினா. அவர் விரைந்து காரணங்களை அடுக்கினார், சூத்திரங்களைச் சொன்னார், திருத்திய எண்ணையும் கூறினார். “அந்த எண்ணை வேறு யார் சரிபார்த்தார்?” என்று தேர்வாளர் அமைதியாகக் கேட்டார். அவரிடம் விடை இல்லை. நோயாளியின் சிகிச்சையை நிறுத்தி வைத்து, மருத்துவரிடம் தெரிவித்து, தம் கணக்கைக் காணாத மற்றொருவரைத் தனியே அளக்கச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததன்று. தம் அறிவின்மேல் கொண்ட நம்பிக்கை அதை மறைத்துவிட்டது.

பள்ளித் தேர்வுக்கும் இத்தேர்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அங்கே, பக்கத்து மாணவரைக் கேளாமல் தானே விடை காண்பது நேர்மை. இங்கே, தாம் கண்ட விடையைப் பிறர் கையில் கொடுத்துப் பிழை காணச் சொல்வது நேர்மை. இரண்டையும் கற்பிக்கும் கடமை ஆசிரியருக்கு உண்டு. “சரியா?” என்று கேட்டு மதிப்பெண் இடுவதோடு, “சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்றும் வகுப்பறையில் கேட்க வேண்டும். அக்கேள்விக்குப் பழகிய மாணவர் எத்தொழிலுக்குச் சென்றாலும் அத்தொழில் காக்கப்படும்.

மருத்துவமனைகளும் இத்தேர்வுக்கு விலக்கல்ல. 1969 முதல் அனைத்துலக அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் சிறு அளவுமானிகளை அஞ்சலில் அனுப்பி, பல நாட்டு மருத்துவமனைகளின் கதிர்வீச்சு அளவைச் சோதித்து வருகின்றன. கதிர்வீச்சுக் கருவியோ அன்றாடம் தேர்வு எழுதுகிறது. காலையில் முதல் நோயாளி வருமுன் அதன் அளவு சரிபார்க்கப்படுகிறது. நேற்றுச் சரியாக இருந்தது என்பது அங்கே சான்றாகாது. கருவிக்குப் பொருந்தும் அந்நெறி, அதனை இயக்கும் அறிவுக்கும் பொருந்தும்.