தெற்கு கோண்டார் சபையாருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய குருமார்களே, பெரியோர்களே, கோயில் பள்ளியில் ஓதும் பிள்ளைகளே, கல் சுமந்த தாய்மார்களே,

தமிழ்நாட்டின் கடலோரத்திலிருந்து எழுதுகிறேன். எத்தியோப்பியாவின் வடபகுதியில், தானா ஏரிக்குக் கிழக்கே இருக்கும் உங்கள் மலைநாட்டை வானிலிருந்து எடுத்த படங்களில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் உழுத நிலமும் மேய்ச்சல் தரையும். இடையிடையே வட்டம் வட்டமாகப் பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் நடுவில் ஒரு கிறித்தவக் கோயில். உங்கள் ஒரு வட்டாரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்காடுகள். சுற்றியிருந்த காடு ஏருக்கும் அடுப்புக்கும் போய்விட்டது. உங்கள் கோயிலை ஒட்டி நின்றது மட்டும் நிற்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

நான்காம் நூற்றாண்டில், அக்சும் மன்னர் எசானாவின் காலத்திலேயே கிறித்தவம் வேரூன்றிய நாடு உங்களுடையது. காடுதான் கோயிலின் ஆடை என்பது உங்கள் தெவாஹெதோ சபையின் எண்ணம். ஏதேன் தோட்டத்தின் சாயலாக அதைக் காண்கிறீர்கள். அந்த நிழலில்தான் பிள்ளைகள் வேதம் படிக்கிறார்கள், இறந்தவர்கள் உறங்குகிறார்கள். 1975-ல் நிலமெல்லாம் அரசுடைமையானபோது சபையின் விளைநிலங்கள் கைவிட்டுப் போயின. கையில் காசில்லாத காலத்தில் முற்றிய ஜூனிபர் மரம் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் காட்டை விட்டுவைத்தீர்கள்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்கள் மண்ணின் மைந்தரான அலெமாயெகு வாசியின் ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 28 கோயில்காடுகளில் அவரும் உடனிருந்தவர்களும் 168 வகை மரம், செடி, கொடிகளைக் கணக்கிட்டார்கள். மண்ணையும் தோண்டிப் பார்த்தார்கள். காட்டு மரங்கள் பலவற்றின் விதை மண்ணுக்குள் நெடுநாள் உயிரோடு தங்குவதில்லை என்று தெரிந்தது. தாய்மரம் போனால், நிலத்தைச் சும்மா விட்டாலும் அந்த இனம் தானாக முளைத்து வராது. அப்படியானால் இனி அந்த மலையில் காடு வளர்க்க நினைக்கும் எவரும் விதைக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டும். பால் குடுவைக்குப் புகை போடும் வெய்ரா மரம், அந்தக் காட்டு ஒலிவம், அதன் வித்தும் உங்களிடம்தான் இருக்கிறது.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பக்தி கோடரியைத் தடுத்தது, மாட்டைத் தடுக்கவில்லை. நிழல் தேடி உள்ளே வந்த மாடுகள் மரக்கன்றுகளை மேய்ந்தன, மேயாததை மிதித்தன. மேலே கிழமரங்கள், கீழே அடுத்த தலைமுறை இல்லை. அலெமாயெகுவும் அமெரிக்க ஆய்வாளர் மெக் லோமனும் வானிலிருந்து எடுத்த படங்களை விரித்துக் காட்டியபோது, காடு சுருங்குவதை உங்கள் குருமார்கள் கண்ணால் கண்டார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, சுவர் கட்டலாம் என்றார்கள். வயலில் ஏர்முனையில் இடறிக்கொண்டே இருந்த கற்களைப் பொறுக்கி, சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினீர்கள். வயலுக்குக் கல் தொல்லை விட்டது, காட்டுக்கு வேலி கிடைத்தது. சில ஊர்களில் மரம் முடியும் இடத்தோடு நிற்காமல் சுவரை வெளியே தள்ளிக் கட்டினீர்கள், காடு வளர இடம் வேண்டும் என்று. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வழிவழியாக வந்த நம்பிக்கையைக் கைவிடாமலே ஆய்வாளர் சொன்னதைக் காதில் வாங்கும் மனசு எல்லாச் சபைகளுக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு கவலையும் உண்டு, உரிமையோடு சொல்கிறேன். உங்கள் காட்டோரங்களில் தைலமரம் ஏறுகிறது. பேரரசர் மெனெலிக் காலத்தில் விறகுப் பஞ்சத்துக்கு வந்த மரம். சீக்கிரம் வளர்ந்து காசு தருகிறது, கோயில் செலவுக்கு உதவுகிறது. உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனால் எங்கள் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து உழவர்களைக் கேளுங்கள், தைலமரக் காட்டை ஒட்டிய கிணறுகளைப் பற்றிச் சொல்வார்கள். விறகுக்கு வேறெங்காவது நடுங்கள். பழைய காட்டின் ஓரத்தை மட்டும் வெய்ராவுக்கும் ஜூனிபருக்கும் விட்டுவையுங்கள்.

ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் எழுதுகிறான் என்று கேட்கலாம். எங்களுக்கும் கோயில்காடு உண்டு. மரக்காணம் பக்கம் புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றிக் காசானும் வீரையும் அடர்ந்து நிற்கின்றன. எங்கள் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியது பெரும்பாலும் இப்படிச் சாமிக்கென்று விட்ட இடங்களில்தான். அங்கே ஒரு சுள்ளியை ஒடிக்கவும் ஆட்கள் அஞ்சுவார்கள். ஆனால் அந்த அச்சம் எல்லா ஊரிலும் நீடிக்கவில்லை. திருப்பணி என்ற பேரில் புதரை வழித்து சிமெண்ட் தளம் போட்ட ஐயனார் கோயில்களை நான் பார்த்திருக்கிறேன். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாமிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

அவர்களிடம் உங்கள் சுவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருக்கும். எந்த வீட்டார் எத்தனை நடை கல் சுமப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? மேய்ச்சல் இடம் போய்விடுமே என்று மாட்டுக்காரர்கள் முறையிட்டபோது சபையில் என்ன பேசினீர்கள்? சுவரில் வாசல் எத்தனை, இரவில் அதை யார் அடைப்பது? நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதுங்கள். தமிழில் பெயர்த்து ஊர்க்கூட்டத்தில் வாசிக்கிறேன்.


கோயில்காட்டு ஊர்க்காரன் ஒருவன்