தப்புச் சத்தம் இல்லாத விடியல்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்டைப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில்தான் நான் வளர்ந்தேன். விடியுமுன் வேலைக்கு எழுப்பும் தப்புப் பறையின் சத்தம் கேட்கும். அம்மா எழுந்து ரொட்டி சுடுவார். பெரட்டுக்களத்தில் பேர் பதிந்த பிறகு மலையேறுவார். மாலையில் கொழுந்து நிறுத்து, கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது. கஷ்டம் நிறைந்த வாழ்க்கைதான். ஆனாலும் நிறுவை முடிந்து கூடையை இறக்கிவிட்டால் அம்மா எங்களுக்குரியவர்.

டெய்லர் தேயிலை பயிரிட்ட அதே 1867இல்தான் கண்டிக்கு ரயிலும் வந்தது. அந்தத் தடத்திலேதான் எங்கள் பிள்ளைகள் வேலைக்குக் கொழும்புக்கு இறங்கினார்கள். என் மகனும் அங்கே கணினி வேலை பார்த்தான். போர்டிங்கில் தங்கி, வெள்ளி இரவு கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வருவான். 2020 மார்ச் 20ஆம் தேதி மாலை கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். கணினியோடு வந்தவன் வீட்டிலேயே தங்கினான். வேலையும் கூடவே தங்கிவிட்டது.

பிள்ளை பக்கத்தில் இருக்கிறான் என்று முதலில் மகிழ்ந்தேன். போகப்போகத்தான் புரிந்தது. கட்டிலில் கண் விழித்ததும் கணினியைத் திறப்பான். சாப்பாடு அதன் முன்னால். இரவு பதினொரு மணிக்கும் பேச்சு ஓயாது. அவன் மகள், என் பேத்தி, கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, கரண்ட் வந்த நேரமெல்லாம் அவனுக்கு வேலை நேரமானது. எங்கள் மீதும் தவறு உண்டு. வீட்டில்தானே இருக்கிறான் என்று கடைக்கும் கேஸ் வரிசைக்கும் அவனையே அனுப்பினோம். அந்த ஆண்டு ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் அரசாங்க ஊழியர்களையே இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது, பல வீடுகளுக்கு இதே பாடு வந்தது.

ஒரு நாள் மாலை அவனிடம் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். "எனக்கு யாருப்பா தப்படிக்கிறது?" என்று கேட்டான். "நீயேதான் அடிச்சுக்கணும். நிறுவையும் நீயே போட்டுக்கணும்" என்றேன்.

மறுநாள் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டோம். காலையில் குளித்து, உடுத்தி, சந்திவரை நடந்துவிட்டு வந்து வேலைக்கு உட்கார்ந்தான். அதுதான் அவனுடைய தப்புச் சத்தம். மாலையில் அன்று முடித்ததை ஒரு கொப்பியில் எழுதி, கணினியை மூடித் துணி போர்த்தினான். அதுதான் நிறுவை. எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை மேலதிகாரியிடம் பேசி முடிவு செய்தான். அவன் மேசையில் இருக்கும்வரை நாங்கள் கூப்பிடுவதில்லை. துணி போர்த்திய பின் பேத்தி ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வாள்.

வீட்டிலிருந்து உழைக்கும் பிள்ளைகளே, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்பதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். எத்தனை மணிக்குக் கூடையை இறக்குகிறீர்கள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இன்று மாலை இறக்கி வையுங்கள். உங்களுக்காக ஒருவர் கதவோரம் காத்திருக்கிறார்.