தூசி படிந்த முகம்

ஃபஹாஹீலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். குவைத்தில் அகதி என்றொரு விசா இல்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் அந்த நாடு சேரவில்லை. அதனால் அட்டையில் நாங்கள் வெறும் தொழிலாளர். ஓடிவந்த கதை எங்களுக்குள்ளேயே கிடந்தது.

எங்கள் படிப்பு கம்பஸ் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. மாணவர் விழாக்களுக்கு நோட்டீஸ் செய்து பழகிய கொம்பியூட்டர் வேலை மட்டும் கையில் மிஞ்சியது. அதை மணந்துபிடித்த முதலாளி, கடையின் இன்ஸ்ரகிராம் படங்களை எங்கள் தலையில் கட்டிவிட்டார். மேலதிகச் சம்பளம் கிடையாது. கோப்பை கழுவி முடித்த கையோடு, பழைய மடிக்கணினியில் பிரியாணிக்கு வெளிச்சம் பூசுவோம்.

2017 மே மாதக் கடைசியில் நோன்பு தொடங்கியது. நோன்பு மாதம் வந்தால் அரபு நாட்டுத் தொலைக்காட்சிகளில் பெரிய விளம்பரங்களின் திருவிழா. அந்த வருடம் குவைத்தின் ஸெயின் தொலைபேசிக் கம்பனி, ஹுசைன் அல் ஜஸ்மியைப் பாடவைத்து ஒரு படம் எடுத்திருந்தது. இடுப்பில் குண்டு கட்டிப் புறப்படும் ஒருவனை, குண்டுகளில் காயப்பட்ட மனிதர்கள் எதிர்கொள்கிறார்கள். உண்மையிலேயே தப்பியவர்கள் சிலரும் அதில் வந்தார்கள். 2015 ஜூன் 26 இல் குவைத் நகரின் இமாம் சாதிக் பள்ளிவாசலில் 27 பேர் இறந்த துக்கம் ஆறாத ஊர் அது. கடையில் சாப்பிட வந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாளி குசினிக்குள் வந்தார். "தம்பி, எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க. அந்தத் தூசிப் பையன் படத்தைப் போடு. அன்பு என்று பெரிதாய் எழுது. கீழே நம்ம இஃப்தார் சாப்பாட்டு விலை."

தூசிப் பையன் என்றது ஒம்ரானை. 2016 ஓகஸ்ட் 17 இல் அலெப்போவில் இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டு, அம்புலன்ஸின் செம்மஞ்சள் கதிரையில் பேசாமல் இருந்த குழந்தை. அவனைப்போல வேடமிட்ட ஒரு சிறுவன் விளம்பரத்தில் வந்தான். ஆனால் அவனுடைய வீட்டை இடித்தது இடுப்புக் குண்டல்ல, விமானத் தாக்குதல். அவனுடைய அண்ணனும் அதில் காயப்பட்டு இறந்துபோனான். அந்த வேறுபாட்டைச் சொல்லிப் பலர் அப்போதே கோபப்பட்டார்கள்.

சொன்னதைச் செய்துவிடுவது சுலபம். படத்தை வெட்டியும் விட்டோம். அந்த நேரம் ரொட்டி கொண்டுவரும் அலெப்போக்காரர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "தையாரா" என்றார். விமானம். வேறொன்றும் சொல்லவில்லை. ரொட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சொல்லை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 1995 ஜூலை 9 இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் விமானம் குண்டு போட்டபோது நாங்கள் சிறுபிள்ளைகள். பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடப் பழகியவர்கள். அதேநேரம் எங்கள் பெயரைச் சொல்லிக் குண்டோடு போனவர்களும் இருந்தார்கள். 1996 ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியில் செத்தவர்களுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள். ஆகவே அந்த விளம்பரத்தைப் பொய்யென்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அது கேட்ட கேள்வி எங்களையும் நோக்கித்தான் இருந்தது. ஆனால் ஒருவன் செய்த கொலையை இன்னொருவன் கணக்கில் எழுதும்போது, செய்தவன் தப்பிவிடுகிறான். செத்தவனுக்குச் சாட்சியும் இல்லாமல் போகிறது. பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தின் கீழே பிரியாணி விலை வேறு.

பையனை அழித்தோம். ஒரு மேசை, மூன்று பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர்க் கோப்பை, ஒரு வெறுங்கதிரை. அவ்வளவுதான் வரைந்தோம். முதலாளி வெகுநேரம் பார்த்தார்.

"பையன் எங்கே?"

"அவனை அடிச்சது பிளேன், முதலாளி. எங்களையும் அதுதான் அடிச்சது."

அவர் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று அதுவரை அவர் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"சரி. கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணித் தட்டாவது வை" என்றார்.

வைத்தோம். விலையையும் எழுதினோம். சம்பளம் வேண்டுமே. வெளியே சுத்திகரிப்பு ஆலையின் தீ வானத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஸஹர் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மடிக்கணினியை மூடிவிட்டு மறுபடி கோப்பைகளிடம் போனோம்.