ஒரே சிட்டிங்கில் ஏன் முடிவதில்லை?

லேசர் மூலம் முடியை அகற்றும் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. மேலுதடு, தாடை, அக்குள், கை, கால் என எந்த இடமானாலும் ஆறு முதல் எட்டு சிட்டிங் வரை ஆகும். பெண்களின் தாடை முடிக்கு அதற்கு மேலும் ஆகலாம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதைப் பற்றி விசாரிக்கும் பெண்கள் முதலில் கேட்பது, “ஒரே தடவையில எடுத்துவிட முடியாதா?” என்பதுதான். காசுக்காக இழுத்தடிக்கிறார்களோ என்ற சந்தேகமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சந்தேகம் நியாயமானதே. ஆனால் இத்தனை சிட்டிங் தேவைப்படுவதற்குக் காரணம் முடி வளரும் முறையும் நம் தோலின் நிறமும்தான்.

முடி இடைவிடாமல் வளர்வதில்லை. ஒவ்வொரு முடிக்குழியும் வளரும் பருவம், சுருங்கும் பருவம், ஓய்வுப் பருவம் என்று மாறி மாறிக் கடக்கிறது. தலைமுடிக்கு வளரும் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை. அதனால்தான் அது இடுப்பு வரை நீள்கிறது. கால் முடிக்கோ சில மாதங்களே வளர்ச்சி, அதைவிட நீண்ட ஓய்வு. எந்த நாளில் பார்த்தாலும் காலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முடிதான் வளர்ந்துகொண்டிருக்கும். மேலுதட்டில் பாதிக்கும் மேல் வளர்பருவத்தில் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள்கூட ஒரே பருவத்தில் இருப்பதில்லை.

லேசர் ஒளி முடியைப் பிடுங்குவதில்லை. முடியிலுள்ள மெலனின் என்ற கருநிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. சுற்றியுள்ள திசுவுக்குச் சேதமில்லாமல் நிறமியுள்ள இடத்தை மட்டும் சுடலாம் என்ற இந்தக் கொள்கையை ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் வெளியிட்டார்கள். வளரும் முடியில் தண்டு முதல் வேர்க்குமிழ் வரை நிறமி நிறைந்திருக்கும். ஓய்வெடுக்கும் முடியிலோ வேர் மேலேறி, குமிழில் நிறமி அற்றுப்போயிருக்கும். அங்கே ஒளியைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. களைக்கொல்லி முளைத்த களையை மட்டும் கொன்று, மண்ணுக்குள் கிடக்கும் விதையை விட்டுவிடுவது போன்றது இது. அது முளைத்த பிறகு மறுபடி தெளித்தாக வேண்டும்.

வளர்பருவ முடி எல்லாமும் முதல் அடியில் அழிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. மறுபடி முடியை உண்டாக்கும் மூல செல்கள் குழியின் பக்கவாட்டில் இருக்கின்றன. அவற்றில் நிறமி இல்லை. தண்டில் பிறக்கும் சூடு பரவி அவற்றை எட்ட வேண்டும். எட்டாத குழிகள் சில மாதம் உறங்கிவிட்டு மெலிந்த முடியோடு திரும்பி வருகின்றன. இதில்தான் தொழிலின் உண்மையான சிரமம் இருக்கிறது. முதல் சிட்டிங்குகளில் முடி தடிப்பாகவும் கறுப்பாகவும் இருக்கும். பலன் கண்ணுக்குத் தெரியும். நான்கைந்து சிட்டிங்குக்குப் பிறகு மிஞ்சுவது மெல்லிய முடி. அதில் நிறமி குறைவு, பிடித்த சூடும் சீக்கிரம் ஆறிவிடும். அதை அழிக்கக் கூடுதல் ஆற்றலைக் குறைந்த நேரத்தில் பாய்ச்ச வேண்டும். மாநிறத் தோலுக்கு அதுதான் ஆபத்து. இந்தக் கட்டத்தில் அவசரப்படாமல் இருப்பவரே கைதேர்ந்தவர்.

தோலின் நிறம் இந்த அளவுக்கு முக்கியமாவதற்குக் காரணம், மேல்தோலிலும் அதே மெலனின் இருப்பது. வெள்ளைத் தோலுக்கு 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரை வைத்துத் துணிந்து அடிக்கலாம். தென் மாவட்டத்துத் தோலில் அப்படிச் செய்தால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பும் மிஞ்சும். இங்கே ஏற்றது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர், அல்லது கவனமாகக் கையாளப்படும் 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடு லேசர். என்டி-யாக் ஒளி ஆழமாக இறங்கும், மேல்தோலில் குறைவாகவே நிற்கும். ஆனால் முடியிலும் அது குறைவாகவே பிடிபடும் என்பதால் ஒரு சிட்டிங்கின் பலன் சற்றுக் குறைவு. ஆற்றலையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். பாதுகாப்புக்காகக் கூடுதல் சிட்டிங் ஆகிறது என்றால் அது நியாயமான விலை. சதுரகிரி ஏறி வந்தவர்கள், ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வெயிலில் நின்றவர்கள், தோட்ட வேலை செய்பவர்கள் ஆகியோர் தோல் கறுத்திருந்தால் அது தணியும்வரை சிட்டிங்கைத் தள்ளிப்போடுவதே சரி.

இடைவெளியும் சிகிச்சையின் ஒரு பகுதி. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடலுக்கு ஆறு முதல் எட்டு வாரம். லேசர் அடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் சுட்ட முடி மேலே தள்ளப்பட்டு உதிரும். முடி மறுபடி வளர்கிறது என்று பலர் பதறுவது அப்போதுதான். உறங்கிய குழிகள் விழித்து முடி விடத் தொடங்கும்போதே அடுத்த முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடும் இடத்தில் காசு மட்டும்தான் குறையும்.

நடுவில் திரெட்டிங்கும் வேக்சிங்கும் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்கு இலக்கு இல்லை. ஷேவ் செய்யலாம். பெண்கள் தயங்குவது இதற்குத்தான். ரேசர் பட்டால் முடி தடித்துவிடும் என்ற பயம். குழந்தைக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதே வகை நம்பிக்கை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற ஆய்வாளர் 1928லேயே சோதித்து, ஷேவ் செய்வதால் வளர்ச்சி மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். வெட்டிய முனை மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவே.

தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி வருவது வேறு கதை. சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி உள்ளவர்களுக்கு ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு குழியை லேசர் அடக்கும்போது வேறு குழியில் தடித்த முடி கிளம்பும். சிலருக்கு, குறிப்பாகத் தெற்காசியப் பெண்களின் முகத்தில், லேசருக்குப் பிறகு முடி கூடுவதும் உண்டு. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்காமல் முகத்தில் லேசர் வைப்பது பெரிய தவறு.

எல்லா சிட்டிங்கும் முடிந்த பிறகும் கிடைப்பது நிரந்தரக் குறைப்புதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் இந்தச் சொல்லையே அனுமதிக்கிறது. நரைத்த முடியில் நிறமி இல்லாததால் அதற்கு இது பயன்படாது. எட்டு சிட்டிங் பேக்கேஜுக்கு முதல் நாளே முழுப்பணம் கட்டுவதைவிட, ஒவ்வொரு முறையும் பலனைப் பார்த்துக் கட்டுவது நல்லது.

ஆறு சிட்டிங், ஆறு வார இடைவெளி என்றால் ஏறத்தாழ ஏழு மாதம். தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் மார்கழியில் வந்து நிற்கக் கூடாது; ஆனியிலேயே தொடங்க வேண்டும். தாடையில் முடியும் தவறும் மாதவிடாயும் சேர்ந்து இருப்பவர்கள் அதற்கும் முன்னதாக மகளிர் நல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.