நோய் ஒன்று, நியதி இரண்டு

சாவுக்கு முன்னால் யாவரும் சமம் என்று எம் முன்னோர் சொல்லி வந்தனர். அரசனும் ஆண்டியும் முடிவிற் பிடி சாம்பரே என்ற அந்த எண்ணத்திலே ஏழைக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. இன்றைய உலகிலே அந்த ஆறுதலுக்கும் இடமில்லை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே நோய், நோயின் ஒரே கட்டம். எனினும் ஒருவன் பிழைக்கிறான், மற்றவன் மடிகிறான். இவர்கள் எந்த நாட்டிலே பிறந்தார்கள் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. இக்கூற்று மிகையென்று எண்ணுவோர் விதைப் புற்றுநோயின் வரலாற்றைச் சிறிது கூர்ந்து நோக்குதல் வேண்டும். சபையிலே பேசத் தயங்கும் நோய் இது. அத்தயக்கமே உயிர் குடிக்கிறதாயின், நாம் அதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

ஆண்களின் விதையிலே தோன்றும் இப்புற்றுநோய் முதியோரை விட இளைஞரையே அதிகம் நாடுகிறது. பதினைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டோரே இதற்குப் பெரிதும் இலக்காகின்றனர். பெரும்பாலும் நோவில்லாத ஒரு சிறு கட்டியாகவோ வீக்கமாகவோ அது தொடங்கும். காலத்தோடு கண்டால், பாதிக்கப்பட்ட விதையைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவதோடு பலர் குணமடைந்து விடுவர். மற்றைய விதை நலமாயிருப்பின் இல்லறத்துக்கும் பெரும்பாலும் தடையில்லை. நுரையீரல்வரை பரவிய பின்னரும் குணப்படுத்தக்கூடிய மிகச் சில புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று.

எப்போதும் இந்நிலை இருந்ததில்லை. 1970ஆம் ஆண்டளவிலே, உடலின் பிற பாகங்களுக்குப் பரவிய விதைப் புற்றுநோய் கொண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் இறந்தனர். செல்வ நாட்டு இளைஞனுக்கும் அதே கதிதான். அக்கதியை மாற்றிய மருந்தின் வரலாறு மனித இனம் முழுவதும் பெருமைப்படத் தக்கது. பிளாட்டினம் கொண்ட அச்சேர்வையை மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலிய இரசாயன அறிஞர் 1845இலேயே ஆக்கியிருந்தார். அதனால் நோய் தீருமென்று அப்போது எவரும் அறிந்திலர். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலே பார்னெட் ரோசன்பேர்க் என்பவர் பக்டீரியாக்கள் மீது மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்தபோது, அவை பிரிந்து பெருகாமல் நீண்டுகொண்டே போகக் கண்டார். மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினமே காரணமென்று பின்னர் தெளிந்தார். கலங்கள் பிரிவதைத் தடுக்கும் பொருள், கட்டின்றிப் பிரியும் புற்றுநோயையும் தடுக்குமன்றோ? சிஸ்பிளாட்டின் என்ற மருந்து பிறந்தது இவ்வாறே.

1974இல் இண்டியானாப் பல்கலைக்கழக வைத்தியர் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் அதனை வேறிரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றான வின்பிளாஸ்டின், எம் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து 1958இல் கனடாவிலே பிரித்தெடுக்கப்பட்டது. அச்செடியின் தாயகம் மடகாஸ்கர். ஆராய்ச்சிக்கு இலை வந்தது ஜமேய்க்காவிலிருந்து. மற்றையதான பிளியோமைசின், யப்பானிய விஞ்ஞானி ஹமாவோ உமெசாவா மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்தது. மூன்றும் சேர்ந்தபோது பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பிழைத்தனர். 1978இல் சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 1980களிலே வின்பிளாஸ்டினின் இடத்தை எட்டோபொசைட் என்ற மருந்து பிடித்துக்கொண்டது.

இத்தனை நாட்டு மக்களின் அறிவும் மண்ணும் இலையும் சேர்ந்து உண்டாக்கிய சொத்து இது. அதன் பலன் யாரைச் சென்றடைந்தது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் தந்த மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டிலே சுமார் 74,000 பேர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர். 9,000 பேருக்கு மேல் இறந்தனர். எட்டுப் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அமெரிக்காவிலோ இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவே. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நோர்வே, டென்மார்க் போன்ற செல்வ நாடுகளிலேயே இந்நோய் மிகுதி. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் அது அரிது. நோயைத் தருவதிலே இயற்கை ஏழை நாடுகளுக்குச் சலுகை காட்டியிருக்கிறது. அச்சலுகையை மனிதர் வகுத்த ஒழுங்கு பறித்துக்கொள்கிறது. நோயாளர் மிகுந்த நாட்டிலே சாவு அரிது. நோயாளர் அரிதான நாட்டிலே, நோயுற்றோரிடையே சாவு மிகுதி.

மருந்தின் விலையே காரணமென்று சொல்லி நாம் அமைதியடைய இயலாது. சிஸ்பிளாட்டினின் காப்புரிமைக் காலம் முடிந்து பல்லாண்டுகள் சென்றுவிட்டன. இன்று வழங்கும் மூன்று மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே உள்ளவை. ஆனால் மருந்துக் குப்பி தானாக எவனையும் குணப்படுத்துவதில்லை. இரத்தத்திலே நோயின் அடையாளங்களை அளக்க ஆய்வுகூடம் வேண்டும். அகற்றிய விதையை நுணுக்குக்காட்டியிலே பார்த்து இனம் பிரிக்க நிபுணர் வேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது; ஆதலால் சேலைன் ஏற்றிக் கவனிக்கத் தாதி வேண்டும். வெண்குருதிக் கலங்கள் குறைந்து காய்ச்சல் கண்டால், அந்நேரமே தகுந்த மருந்து ஏற்றப்படவேண்டும். மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு சுற்றுகள் கொடுக்கப்படும். தவணை பிந்தினால் நோய் மீளும் அபாயம் கூடும். பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு சுற்றைத் தவறவிடும் கூலித் தொழிலாளிக்கு, மருந்து இலவசமாயிருந்தும் பயன் என்ன?

இவையனைத்தும் முதலாளித்துவத்தின் குற்றமென்று ஒரே வார்த்தையிற் கூறி முடித்துவிட எம்மவர் சிலர் விரும்பலாம். உண்மை அத்துணை எளிதன்று. மேற்கு ஐரோப்பாவிலே 1970களின் பிற்பகுதி முதல் இந்நோயால் நேரும் சாவு விரைந்து சரிந்தது. கிழக்கு ஐரோப்பாவின் சோஷலிச அரசுகளிலே வைத்தியம் இலவசமாயிருந்தும், அச்சரிவு பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. பிளாட்டின மருந்துகொண்டு செய்யும் வைத்தியம் அங்குப் போதிய அளவு பரவவில்லை. இதனை மறைத்துப் பேசுவது முற்போக்காகாது.

சந்தையின் இலட்சணத்தையும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் இறுதியிலே குஜராத்திலுள்ள ஒரு தொழிற்சாலையிற் குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டு உற்பத்தி நின்றது. 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் நிலையங்களிலேயே சிஸ்பிளாட்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இலாபம் குறைந்த மலிவு மருந்தைச் செய்யப் பலர் முன்வராமையால், பெருஞ்செல்வ நாடொன்று ஒரு சில ஆலைகளையே நம்பியிருந்தது. இலாபத்தை அளவுகோலாகக் கொண்டவரிடம் உயிர் காக்கும் பொருளை ஒப்படைத்தால் நேர்வது இதுதான்.

எமது நாட்டு நிலையை நாம் கண்கூடாகக் கண்டோம். எம்மிடம் பயின்ற மாணவனொருவன் தன் உடலிலே கட்டியொன்று இருப்பதை ஏழு மாதங்கள் எவருக்கும் சொல்லவில்லை. தாய்க்குச் சொல்ல வெட்கம். தந்தைக்குச் சொல்ல அச்சம். நண்பர்கள் நகைப்பார்களென்ற கூச்சம். பந்து பட்ட வீக்கமென்று தனக்குத் தானே சமாதானம் கூறிக்கொண்டான். இருமல் கண்ட பின்னரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்றான். அங்கு இலவசமாகவே சிகிச்சை தொடங்கியது. அது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலம். இரண்டாவது சுற்றின்போது மருந்தொன்று கையிருப்பில் இல்லை. தமையன் தனியார் மருந்தகங்கள் தோறும் அலைந்து, தமக்கையின் காப்பை அடகு வைத்து, அதை வாங்கி வந்தான். இன்று அந்த இளைஞன் பாடசாலையொன்றிலே கணிதம் கற்பிக்கிறான். அடகு வைக்கக் காப்பில்லாத வீட்டுப் பிள்ளை என்னாவான் என்ற கேள்வி எம்மை விட்டகலவில்லை.

இலவச வைத்தியம் எம்மக்கள் பெற்ற பெரும் உரிமை. சட்டத்தில் மட்டும் இலவசமாயிருந்து, அலுமாரியிலே மருந்து இல்லாது போனால் அவ்வுரிமை வெறுங் காகிதமே. அத்தியாவசிய மருந்துகளை அரசு முன்கூட்டியே கணக்கிட்டு வாங்கி வைப்பதும், சிறிய நாடுகள் கூடி மொத்தமாகக் கொள்வனவு செய்வதும், தூரத்து நோயாளிக்குப் பயணச் செலவு கொடுப்பதும் ஆகாயத்தில் கோட்டை கட்டும் காரியங்களல்ல. அவற்றைக் கேட்டுப் போராடத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இருக்கின்றன.

ஆசிரியர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணியும் ஒன்றுண்டு. நோவில்லாத கட்டியும் ஆபத்தாகலாம். குழந்தைப் பருவத்திலே கீழிறங்காத விதையை வைத்தியரிடம் காட்டவேண்டும். இது பாவத்தின் பலனுமன்று, பழிக்குரியதுமன்று. இவற்றை மேல்வகுப்பு மாணவருக்கு ஒரு பாடவேளையிலே கூறிவிடலாம். வகுப்பறையிலே முதலிற் சிரிப்பு எழும், எழட்டும். சிரித்து முடித்த பின், அவர்களுள் ஒருவன் வீடு சென்று யோசிப்பான்.